பாரை கேட்டார், பாரை கொடுத்தான்

சென்ற கார்காலத்தில் ஒரு பிற்பகல். ஜீவனஹள்ளியில் நம் அன்பர் பலர் குடியிருக்கும் தெரு ஒன்றில், கழிவுநீர்க் குழாய் பதிப்பதற்கென இடுப்பளவு ஆழத்திற்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களுள் தமிழர் உண்டு; தெலுங்கர் உண்டு; கோலார்ப் பக்கத்துக் கன்னடரும் உண்டு. மேற்பார்த்த மேஸ்திரி ஆந்திர நாட்டவர். மூன்று மணியளவில் வானம் இருண்டு மழை கொட்டத் தொடங்கிற்று. மேட்டுத் தெருவின் வெள்ளம் முழுவதும் பள்ளத்தை நோக்கி ஓடி வந்தது. மேஸ்திரி பதறிப்போய், அருகில் நின்ற இளைஞன் ஒருவனை நோக்கி, "பார தே! பார தே!" என்று கூவினார்.

தருமபுரி மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்து இரண்டு திங்களே ஆகியிருந்த அவ்விளைஞனுக்குத் தெலுங்கு தெரியாது. ஆயினும், 'பார' என்னும் சொல் காதில் விழுந்ததும் அவன் ஐயுறவே இல்லை. தெருக்கோடியில் தளவாடங்கள் வைத்திருந்த கொட்டகைக்கு ஓடினான். கனத்த கடப்பாரை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினான். மேஸ்திரி கேட்டதோ மண்வெட்டி! மண்ணை வெட்டிப் போட்டுக் கரை கட்டி வெள்ளத்தை மறுபுறம் திருப்ப அவர் எண்ணியிருந்தார். மறுபடியும் ஓடி மண்வெட்டி கொண்டு வருவதற்குள் பள்ளத்தின் கரை சரிந்து, காலையிலிருந்து வாரிப்போட்ட மண்ணெல்லாம் உள்ளே விழுந்துவிட்டது. நல்ல வேளையாகப் பள்ளத்தினுள் அப்பொழுது எவரும் இல்லை. அன்று மாலை அவன் கையில் அரைநாட் கூலிதான் கிடைத்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நம் சங்கத்துப் படிப்பகத்திற்கு வந்த அவன், நாளிதழைக் கையில் எடுக்காமல் நெடுநேரம் வாளா அமர்ந்திருந்தான். என்ன செய்தி என்று வினவியபோது நடந்ததைச் சொல்லிவிட்டு, "ஐயா, அவர் பாரை கேட்டார், நான் பாரையைத்தானே கொடுத்தேன்? என் பிழை என்ன?" என்று கேட்டான்.

கேள்வி எளியது. விடை கூற முற்பட்டபொழுதுதான், நாம் நாள்தோறும் நடமாடும் இவ்வூரின் பெயர் வரையில் அது நம்மை இழுத்துச் சென்றது.

முதலில் மேஸ்திரியின் பக்கத்தைப் பார்ப்போம். தெலுங்கில் 'பார' என்றால் மண்வெட்டி, மண்வாரி என்பதே பொருள். கடப்பாரை வேண்டுமாயின் அவர்கள் 'கட்டபார' என்று வேறு சொல் சொல்வார்கள். ஆகவே அவர் கேட்டது முறையே. தமிழில் 'பாரை' என்றால் கடப்பாரை. ஆகவே பையன் கொடுத்ததும் முறையே. மலையாளத்திலும் 'பார' என்பது இரும்புக் கோலாகிய கடப்பாரையைத்தான் குறிக்கும். அங்கே ஒருவருக்குத் தெரியாமல் அவர் காலை வாருவதற்குப் 'பார வைத்தல்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கேரள நண்பருடன் பழகியவர்கள் இதனை அறிவார்கள்.

இவை வெவ்வேறு சொற்கள் அல்ல, ஒரே சொல்லே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், 'பாரை' என்னும் சொல்லுக்குக் கடப்பாரை என்னும் பொருளோடு, புல் செதுக்கும் சிறு கருவி என்னும் பொருளும் இருத்தலைக் காணலாம். புல் செதுக்கும் கருவி கோலன்று, அலகு உடையது. மண்வெட்டிக்குத் தம்பி முறை ஆகும். எனவே தமிழிலும் இச்சொல் ஒரு காலத்தில் மண்ணைக் குத்துவதோடு நில்லாமல் மண்ணைச் செதுக்கவும் செய்தது. பின்னர்த் தமிழ்நாட்டார் கோலை வைத்துக்கொண்டனர். தெலுங்கர் அலகை வைத்துக்கொண்டனர். உடன்பிறந்தார் இருவர் பாகம் பிரித்துக்கொண்டது போன்ற செயல்தான் இது. பாகப் பிரிவினையை அறியாத பேரப்பிள்ளை ஒருவன் நடுவே அகப்பட்டு அரைநாட் கூலியை இழந்தான்.

கருவிப் பெயர்களுக்கு இவ்வாறு நேர்வது உலகெங்கும் உள்ள வழக்கம். சீட்டாடும் வீடுகளில் 'இஸ்பேட்' என்று ஒரு சாதிச் சீட்டு உண்டல்லவா? கருநிற இலைபோன்ற அவ்வடிவத்திற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'ஸ்பேட்'. அதே ஒலியுடைய மற்றொரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மண்வாரி என்பது பொருள். சீட்டில் உள்ளது மண்வாரி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வாள்! இத்தாலியர், ஸ்பானியர் சீட்டுகளில் வாளைக் குறித்த 'ஸ்பாத', 'எஸ்பாத' என்னும் சொல்லே அங்கு வந்து சேர்ந்தது. அகன்ற அலகைக் குறித்த 'ஸ்பாதே' என்னும் கிரேக்கச் சொல்லின் வழியில் வந்தது அவ்வாள். ஆங்கிலேயரின் மண்வாரியும் ஜெர்மானியரின் 'ஷ்பாட்டென்' என்னும் மண்வாரியும் அக்கிரேக்கச் சொல்லுக்கு உறவே. ஒரே குடும்பத்துச் சொல் ஓரிடத்தில் உழவன் கையிலும் மற்றோரிடத்தில் போர்வீரன் கையிலும் இருக்கிறது. இத்தனை தூரம் போவானேன்? கன்னடக் கடையில் 'கத்தி' கேட்டுப் பாருங்கள். தமிழில் காய்கறி நறுக்கும் கத்தி, கன்னட வழக்கில் பெரும்பாலும் வாளைக் குறிக்கும். புதிதாகக் குடிவந்த நம் தாய்மார் சிலர் கடைக்காரரைத் திடுக்கிடச் செய்த கதைகள் உண்டு.

இனி, நம் இளைஞனின் தலைவிதியில் இருக்கும் பெரிய வேடிக்கையைக் கேளுங்கள்.

அன்றைய மேஸ்திரி தெலுங்கராக இல்லாமல் கன்னடராக இருந்து, மெய்யாகவே கடப்பாரை வேண்டுமென்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'ஹாரெ' என்று சொல்லியிருப்பார். கன்னடத்தில் கடப்பாரைக்கு அதுவே பெயர். ஆனால் அச்சொல்லைக் கேட்டு நம் பையன் ஓர் அடியேனும் எடுத்து வைத்திருக்க மாட்டான், திகைத்து நின்றிருப்பான். தன் சொல்லைப் போல ஒலித்த தெலுங்குச் சொல் அவனை ஏமாற்றிற்று. தன் சொல்லாகவே இருந்த கன்னடச் சொல்லோ அவனுக்கு அயலாகத் தோன்றியிருக்கும். பொருளில் சிறிதும் பிசகாமல் தமிழோடு நிற்பது கன்னடமே; ஒலி ஒன்றே முகமூடி அணிந்திருக்கிறது.

அம்முகமூடியை நீக்குவது கடினமன்று. பழங்கன்னடத்தில் இச்சொல் 'பாரெ' என்றே இருந்தது. பழங்கன்னடச் சொற்களின் முதலில் நின்ற பகரம், ஏறக்குறைய 10ஆம் நூற்றாண்டு தொடங்கி மெல்ல மெல்ல ஹகரமாக மாறலாயிற்று. 14ஆம் நூற்றாண்டளவில் அம்மாற்றம் பெரும்பாலும் முற்றுப்பெற்றது. பால் ஹாலு ஆயிற்று. பல் ஹல்லு ஆயிற்று. புலி ஹுலி ஆயிற்று. பூ ஹூவு, பாம்பு ஹாவு, பத்து ஹத்து, பெண் ஹெண்ணு, பொன் ஹொன்னு. தமிழ் வீட்டில் பிறந்து கன்னடப் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு இவ்வொரு திறவுகோலைக் கையில் கொடுத்துவிட்டால், எத்தனையோ சொற்களை அது மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

நடுவில் இரட்டித்து வரும் பகரம் மட்டும் அசையாமல் நின்றுவிட்டது. உப்பு அங்கும் உப்பே. தப்பு அங்கும் தப்பே. அப்பாவும் அப்பனாகவே இருக்கிறார்.

இவ்வூரின் பெயருக்கு வருவோம். ஜீவனஹள்ளி என்பதில் உள்ள 'ஹள்ளி', கன்னடத்தில் சிற்றூரைக் குறிப்பது. பகரத்தை மீட்டு வைத்துப் பாருங்கள்: பள்ளி! திருச்சிராப்பள்ளியிலும் எண்ணற்ற தமிழ்ச் சிற்றூர்களின் பெயர்களிலும் நிற்கும் அதே பள்ளி. தெலுங்கரின் 'பல்லெ' என்பதும் அதன் உறவு. ஆகவே, கடிதத்தின் மேல் முகவரி எழுதும்போதெல்லாம் நாம் அறியாமலே ஒரு பழந்தமிழ்ச் சொல்லுக்கு உறவான சொல்லை எழுதிவருகிறோம். (எழுதும்போது ஒரு சிறு எச்சரிக்கை. 'ஹல்லி' என்று லகரத்தை மாற்றி எழுதிவிட்டால் கன்னடத்தில் அது சுவரில் ஓடும் பல்லியாகிவிடும். பள்ளிக்கும் பல்லிக்கும் தமிழில் உள்ள வேறுபாடு அப்படியே அங்கும் இருக்கிறது. நம் பிள்ளைகளின் பயிற்சி ஏடுகளில் இப்பல்லி அடிக்கடி தலைநீட்டுவதை ஆசிரியர்கள் அறிவார்கள்.)

கல்லிலும் இதற்குச் சான்று உண்டு. ஹாசன் மாவட்டத்தில் ஹல்மிடி என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த கல்வெட்டு ஒன்றை 1936ஆம் ஆண்டில் மைசூர்த் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் எம். எச். கிருஷ்ணா அறிந்து வெளிப்படுத்தினார். கன்னடக் கல்வெட்டுகளுள் மிகப் பழைமையானவற்றுள் ஒன்றாக, ஏறக்குறைய கி.பி. 450ஆம் ஆண்டினதாக அதனைக் கருதிவருகிறார்கள். அக்கல்வெட்டில் ஊரின் பெயர் ஹல்மிடி என்று இல்லை. பகரத்தை முதலாகக் கொண்டே அப்பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஊர் அங்கேயே இருந்தது. அதன் முதலெழுத்து மட்டும் நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் உருமாறிவிட்டது. விஜயநகரப் பேரரசின் தலைநகராக விளங்கிய ஹம்பியும் பம்பை என்னும் பழம்பெயரிலிருந்து வந்ததே.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது நம் இளைஞன் அவ்வளவாக வியப்படையவில்லை. வேறொன்றைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் ஊர் பென்னாகரத்திற்கு அருகில் உள்ளது. நாள் கிழமை என்றால் அவன் குடும்பத்தார் நீராடப் போகும் அருவி ஒகேனக்கல். அப்பெயருக்குப் பொருள் என்ன என்று கேட்டோம். தெரியாது என்றான். கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. அதுவே பழைய 'பொகெ'. அதுவே நம் புகை. அருவி விழுமிடத்தில் நீர்த்திவலை எழுந்து, பாறையே புகைவது போலத் தோன்றுகிறதன்றோ? புகையும் கல் அது. ஜீவனஹள்ளிக்கு வருகையில் அவன் பேருந்து கடந்துவந்த ஓசூரும் இவ்வகையினதே. 'ஹொஸ' என்றால் புதிய, பழங்கன்னடத்தில் 'பொஸ'. தமிழ்ப்படுத்தினால் அது புத்தூர். கன்னடர் பகரத்தை ஹகரமாக்கினார்கள். ஹகரம் நாவிற்குப் பழகாத நாம் அதனையும் கைவிட்டு ஓசூர் என்றும் ஒகேனக்கல் என்றும் ஆக்கிக்கொண்டோம். பகரம் தேய்ந்து ஹகரமாகி, ஹகரம் தேய்ந்து வெறும் உயிராகி நிற்கும் காட்சியைத் தன் ஊரிலேயே வைத்துக்கொண்டுதான் அவன் 'ஹாரெ' எனக்கு அயற்சொல் என்று எண்ணியிருந்தான்.

மேல்நாட்டு மொழிகளிலும் இத்தகைய முகமூடிகள் உண்டு. அதிலும் ஓர் உழுகருவியின் பெயரிலேயே உண்டு. ஏரை ஆங்கிலேயர் 'ப்ளௌ' என்கிறார்கள். டச்சுக்காரரும் சுவீடன் நாட்டாரும் 'ப்ளூக்' என்று ஒலிக்கிறார்கள். அனைவருடைய சொல்லிலும் பகரமே முதலில் நிற்கிறது. ஜெர்மானியரின் ஏட்டு மொழியிலோ அது 'ப்ஃப்ளூக்'; பகரத்தின் பின்னே ஒரு காற்று சீறிக்கொண்டு வருகிறது. ஆங்கிலேயரின் ஆப்பிள் அவர்களுக்கு 'ஆப்ஃபெல்'. பவுண்டு அவர்களுக்கு 'ப்ஃபுண்ட்'. ஏறக்குறைய கி.பி. 6ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரையில் தென்ஜெர்மன் நாட்டில் இம்மாற்றம் பரவிற்று. வடக்கே கடற்கரைச் சமவெளியில் உள்ள குடியானவரை அது எட்டவில்லை. அவர்கள் பேச்சில் ஏர் இன்றும் பகரத்தோடு 'ப்ளோக்' என்றே நிற்கிறது. ஒரே நாட்டில், வடக்கில் ஒருவன் பாரை என்பதும் தெற்கில் ஒருவன் ஹாரெ என்பதும் போன்ற நிலை இது.

அவ்வடகடற்கரையில், கிழக்கு ஃபிரீசியா என்னும் பகுதியில், 1832ஆம் ஆண்டில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் ஃபெர்டினாண்ட் கிட்டல். 1853ஆம் ஆண்டில் பாசல் மிஷன் ஊழியராக இந்நாட்டிற்கு வந்தார். தார்வாட்டிலும் மங்களூரிலும் மடிக்கேரியிலும் வாழ்ந்து, கன்னடத்தை ஐயந்திரிபறக் கற்று, ஏறக்குறைய 70,000 சொற்கள் அடங்கிய கன்னட–ஆங்கில அகராதியை 1894ஆம் ஆண்டில் மங்களூரில் அச்சிட்டு வெளியிட்டார். பெங்களூரில் அவருக்குச் சிலையும் எழுப்பியிருக்கிறார்கள். குடியானவர் பேச்சில் ஒரு பகரமும் பள்ளிக்கூட ஏட்டில் வேறொரு பகரமும் வழங்கிய நாட்டில் பிறந்தவர், 'பாரெ'யையும் 'ஹாரெ'யையும் கண்டபொழுது தம் ஊர் ஏரை நினையாமல் இருந்திருப்பார் என்று நம்மால் எண்ண இயலவில்லை. இது நம் ஊகமே. பின்னர் பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை 1961ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, நம் பாரை, கன்னட ஹாரெ, தெலுங்குப் பார ஆகியவற்றை ஒரே பந்தியில் உட்கார வைத்தார்கள்.

ஈண்டு ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட விரும்புகிறோம். இவ்வாறு ஒற்றுமைகளைக் காட்டும்போதெல்லாம், 'பார்த்தீர்களா, கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததுதானே!' என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே இருக்கிறார்கள். அம்முழக்கத்தை மேடையில் இருப்பவர் மறந்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் அண்டை வீட்டுக் கன்னடரின் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் நாம். தவிரவும் அக்கூற்று சரியன்று. பகரத்தை மாற்றிக்கொண்டது கன்னடம் என்றால், ககரத்தை மாற்றிக்கொண்டது தமிழ். கன்னடர் காதைக் 'கிவி' என்கிறார்கள். நாம் செவி என்கிறோம். அவர்கள் சிவப்பைக் 'கெம்பு' என்கிறார்கள்; நாம் செம்மை என்கிறோம். இவற்றில் பழைய ககரத்தைக் காத்துவைத்திருப்பவர்கள் அவர்களே, சகரமாக்கியவர்கள் நாம். 1537ஆம் ஆண்டில் இந்நகரை அமைத்த கெம்பே கௌடரின் பெயரில் உள்ள கெம்பும் நம் செம்மையும் ஒன்றே. ஒரு பழைய தாயின் மக்களாகிய இருமொழிகளும், ஆளுக்கொரு நகையை மாற்றிச் செய்துகொண்டன. ஆளுக்கொரு நகையைப் பழையபடியே வைத்துக்கொண்டன. எல்லிஸ் 1816ஆம் ஆண்டிலும் கால்டுவெல் 1856ஆம் ஆண்டிலும் இம்மொழிகளை ஒரு குடும்பமாகவே எடுத்துக்காட்டினார்கள்.

மற்றக் கருவிகளைப் பற்றி விரிக்க இடமில்லை. உளி நான்கு மொழிகளிலும் ஏறக்குறைய உளியாகவே இருக்கிறது. தச்சர் எங்குச் சென்றாலும் இச்சொல் அவரைக் கைவிடாது. சுத்தியல் கன்னடத்தில் 'சுத்திகெ', தெலுங்கில் 'சுத்தி'. கோடாலி கன்னடத்தில் 'கொடலி', தெலுங்கில் 'கொட்டலி'. சம்மட்டியைப் பற்றி மட்டும் ஒரு சொல்: கன்னடத்தில் அது 'சம்மடிகெ', தெலுங்கில் 'சம்மெட்ட', ஆனால் மலையாளத்தில் 'சம்மட்டி' என்றால் சாட்டை. கேரள மேஸ்திரியிடம் வேலை செய்வோர் நினைவில் வைத்துக்கொள்க.

மண்வெட்டியோ கடல் கடந்தே போய்விட்டது. நம் பேச்சு வழக்கில் மம்மட்டி என்று திரிந்த அச்சொல்லை ஆங்கிலேயர் கேட்டு, 'மமோட்டி' என்று தங்கள் ஏடுகளில் எழுதலாயினர். 1886ஆம் ஆண்டில் யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்னும் அகராதியில் அச்சொல் இடம்பெற்று, மண்ணை வெட்டுவது என்னும் தமிழ்ப் பொருளும் அங்கே தரப்பட்டிருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துரைமார் எழுதிய கணக்கு ஏடுகளிலும் அது புகுந்தது. தமிழ்க் கூலியாளின் கையில் இருந்த கருவி, தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளுமாறு ஆங்கிலத்தைச் செய்தது என்றால் பொருந்தும். அன்று அம்மழையில் மேஸ்திரி 'மமோட்டி' என்று ஆங்கிலத்தில் கூவியிருந்தால்கூடப் பையன் மண்வெட்டியைக் கொண்டுவந்திருப்பான்!

அம்மேஸ்திரியைச் சில நாள் கழித்துச் சந்தித்தோம். கடுமையானவர் என்று எண்ணிச் சென்ற நமக்கு, இனிய சொல்லுடையவராகவே தோன்றினார். செய்தியைக் கேட்டதும் உரக்கச் சிரித்தார். "கடப்பாரை என்றால் நான் கட்டபார என்று கேட்டிருப்பேனே, மழையில் அவன் பாஷையை யார் நினைத்தார்கள்?" என்று அரைத் தமிழில் சொன்னார். அரைநாட் கூலியைப் பற்றிப் பேச்செடுத்தோம். கணக்கு ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டது என்றார். அப்பணம் திரும்பவில்லை. ஆனால் அவ்வாரத்திலிருந்து மேஸ்திரி கருவியைக் கேட்கும்போது கையாலும் சாடை காட்டுகிறாராம். இரு கைகளையும் சேர்த்து நிலத்தில் குத்தினால் கடப்பாரை, தன்னை நோக்கி இழுத்தால் மண்வெட்டி. நம் இளைஞன் மூன்று மொழிகளிலும் கருவிப் பெயர்களை ஒரு சிறு நோட்டில் எழுதி வருகிறான். இதுவரையில் 31 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. அந்நோட்டைப் படிப்பகத்தில் வைத்திருக்கிறோம். வேலைக்குப் புதிதாக வருவோர் பார்த்துப் படி எடுத்துக்கொள்ளலாம்.

அந்நோட்டில் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. புல் செதுக்கும் சிறுகருவியைப் பாரை என்று சொல்லும் வழக்கம் அகராதியில் இருக்கிறதே தவிர, நாம் கேட்டறிந்த தருமபுரி, திருவண்ணாமலை, வேலூர் அன்பர்கள் எவர் வாயிலும் அது வரவில்லை. உங்கள் ஊரில், உங்கள் பாட்டனார் பாட்டியார் பேச்சில், அவ்வழக்கு உண்டாயின், கருவியின் அளவையும் அலகின் வடிவையும் குறித்து, ஊர்ப்பெயருடன் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் படிப்பகத்திற்கு அனுப்பி உதவுமாறு வேண்டிக்கொள்கிறோம்.